நாளைக்கு வெட்ட வேண்டிய கோடு

அன்புள்ள ஐயா,

வயது 34. மென்பொருள் நிறுவனத்தில் பதினொரு ஆண்டுகளாக வேலை. காலை 9 மணிக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க இரவு 8 ஆகிவிடும். மதியச் சாப்பாடுகூடத் திரைக்கு முன்னால்தான். அப்புறம் ஒரு மணி நேரம் ஆன்லைன் படிப்பு. சனிக்கிழமை அரை நாள். ஞாயிறு விடுமுறைதான், ஆனால் சும்மா உட்கார்ந்தால் பத்தே நிமிடத்தில் குற்ற உணர்ச்சி வந்துவிடுகிறது. என்னோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள் இந்நேரம் எதையோ கற்றுக்கொண்டிருப்பார்கள் என்று தோன்றும். லேப்டாப்பைத் திறந்துவிடுவேன்.

போன மாதம் ஒரு வாரம் விடுப்பு எடுத்தேன். மூன்றாம் நாள் மனைவி கேட்டாள், "நீங்க இங்கதான் இருக்கீங்களா?" பதில் சொல்லத் தெரியவில்லை. தூக்கத்தையாவது சரிசெய்வோம் என்று கைக்கடிகாரத்தில் கணக்கு வைக்கிறேன். அதில் மதிப்பெண் குறைந்தால் அன்று முழுக்க அதே கவலை.

டீம் லீட் பதவிக்கு என் பெயர் பரிசீலனையில் இருக்கிறது. அது கிடைக்க வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன். நிம்மதி வேண்டுமென்றால் லட்சியத்தைக் குறைத்துக்கொள்ளத்தான் வேண்டுமா?

க.

அன்புள்ள க.,

முதலில் உடம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் அது அந்தக் கடிகாரத்து மதிப்பெண்ணாக மட்டும்தான் வருகிறது. படிப்பைச் சேர்க்காமலே வாரத்துக்கு 59 மணி நேரம் வேலை செய்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிடப் பக்கவாதம் வரும் ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்றும், இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம் என்றும் அது சொல்கிறது. இதை மனைவியிடமும் காட்டுங்கள்.

அந்தக் கூடுதல் மணி நேரங்களால் என்ன கிடைக்கிறது? முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் வெடிகுண்டுத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களின் நேரத்தையும் உற்பத்தியையும் குறித்து வைத்திருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். அந்தப் பழைய கணக்குகளை ஜான் பென்காவெல் என்ற பொருளாதார ஆய்வாளர் அலசி 2014-இல் எழுதினார். வாரம் 70 மணி நேரம் உழைத்தபோது வந்த உற்பத்திக்கும் 56 மணி நேரத்தில் வந்த உற்பத்திக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பதினான்கு மணி நேரம் கரைந்ததுதான் மிச்சம்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. பகலில் அலுவலகம், இரவு பத்திலிருந்து ஒரு மணி வரை நாவல் என்று எட்டு மாதம் எழுதினேன். கடைசியில் படித்துப் பார்த்தால், பன்னிரண்டு மணிக்கு மேல் எழுதியவை எவை என்று தேதி பார்க்காமலே சொல்ல முடிந்தது. ஒரே காட்சியில் ஒருவர் இரண்டு முறை நாற்காலியிலிருந்து எழுந்திருக்கிறார். நடுவில் உட்காரவே இல்லை. 140 பக்கங்களை எடுத்துப் போட்டேன். அந்த மாதங்களில் என் மகள் மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். அதை நான் பார்க்கவில்லை.

ஆனால் குண்டு செய்பவருக்கு ஒன்று இருந்தது, நமக்கு இல்லை. சங்கு ஊதினால் வேலை முடிந்தது. எத்தனை செய்தோம் என்று எண்ணவும் முடியும். உங்கள் வேலையும் என் வேலையும் எப்போது முடிந்தன என்று யாரும் சொல்லப்போவதில்லை. விடுப்பின் மூன்றாம் நாளும் நீங்கள் அங்கே இல்லாததற்கு இதைத்தான் காரணமாக நினைக்கிறேன். அலுவலகத்தை விட்டு வந்தீர்களே தவிர, வேலையை மூடிவிட்டு வரவில்லை.

சில வருடங்களுக்கு முன் வீட்டில் புத்தக அலமாரி செய்ய ஒரு தச்சர் வந்தார். அறுபது வயதிருக்கும். ஐந்து மணிக்கு ஒரு பலகை பாதியில் இருக்கும். இன்னும் அரை மணி நேரம் போட்டால் முடிந்துவிடும் என்று எனக்கே தெரியும். அவர் நிறுத்திவிடுவார். மூலைமட்டத்தை வைத்து, நாளைக்கு எங்கே வெட்ட வேண்டுமோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போடுவார். உளிகளை ஒவ்வொன்றாகக் கல்லில் தீட்டி, கட்டைவிரல் நகத்தில் வைத்துக் கூர் பார்த்து, துணியில் சுருட்டுவார். மரச்சுருளைக் கூட்டி அள்ளுவார். இதற்கே இருபது நிமிடம் ஆகும். "முடிச்சிட்டே போயிடலாமே ஐயா" என்று ஒரு நாள் கேட்டேன். "அசந்த கை கோணலா வெட்டும் சார். அப்புறம் ராத்திரியெல்லாம் அந்தக் கோணல்தான் கண்ணுக்குள்ள நிக்கும்" என்றார். காலையில் வந்ததும் யோசிக்கவே மாட்டார். கோட்டில் ரம்பத்தை வைப்பார்.

முடியாத வேலை மனசை விட்டுப் போகாது என்பதை புளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர் 1927-இலேயே எழுதியிருக்கிறார். வெகுகாலம் கழித்து, 2011-இல், மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இருவர் இன்னொன்றைக் காட்டினார்கள்: வேலையை முடிக்கக்கூட வேண்டாம், எப்போது, எப்படிச் செய்யப்போகிறோம் என்று திட்டவட்டமாகத் தீர்மானித்துவிட்டாலே அந்த அரிப்பு அடங்குகிறது. அதாவது அந்தப் பென்சில் கோடு. நான் இப்போது நோட்டில் மறுநாளின் முதல் வாக்கியத்தைப் பாதி மட்டும் எழுதிவிட்டு எழுந்துவிடுகிறேன். நீங்கள் கடைசி இருபது நிமிடத்தை இதற்கு ஒதுக்கிப் பாருங்கள். எங்கே நின்றது, காலையில் எந்த வரியைத் தொட வேண்டும் என்று எழுதிவிட்டு மூடுங்கள். ஒரு வாரத்தில் பழகிவிடாது. எனக்கு இரண்டு மாதம் ஆனது.

சரி, லட்சியத்துக்கு வருகிறேன். அதைக் குறைத்துக்கொள்ளச் சொல்ல எனக்கு மனமில்லை. ஒன்றை நன்றாகச் செய்ய வேண்டும், நம்மை நம்பி ஒரு பொறுப்பு வர வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசை. ஆண்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் பெர்லினில் வயலின் மாணவர்களைப் பற்றிச் செய்து 1993-இல் வெளியிட்ட ஆய்வைப் பலரும் அதிகப் பயிற்சிக்காக மட்டுமே மேற்கோள் காட்டுகிறார்கள். அதே ஆய்வில், சிறந்த மாணவர்கள் இசை ஆசிரியர்களாகப் போக இருந்தவர்களைவிட அதிகம் தூங்கவும் செய்தார்கள், பகல் தூக்கம் உட்பட. அவர்களுடைய லட்சியம் உங்களுடையதைவிடச் சின்னது இல்லை.

இப்படிச் சொன்னதும் நீங்கள் தூக்கத்தையும் ஒரு முதலீடாக்கிவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. ஏற்கெனவே அதற்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அந்தக் கடிகாரத்தை இரவில் கழற்றி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை திங்கட்கிழமைக்காக இருப்பதில்லை. அன்று மனைவியோடு பேசுவது உங்கள் உற்பத்தித் திறனை ஒரு துளியும் கூட்டாவிட்டாலும், அது செய்ய வேண்டிய காரியம்தான். குற்ற உணர்ச்சி பத்து நிமிடத்தில் வருகிறது என்கிறீர்கள். வரட்டும், பதினொன்றாவது நிமிடமும் உட்கார்ந்திருங்கள். அது சொல்கிற எல்லாவற்றையும் செய்தாக வேண்டும் என்று இல்லை.

படிப்பை என்ன செய்வது? அந்தப் படிப்பின் பெயரைக்கூட நீங்கள் எழுதவில்லை. எதற்காகப் படிக்கிறீர்கள் என்றும் சொல்லவில்லை. மற்றவர்கள் கற்றுக்கொண்டிருப்பார்கள் என்பது மட்டும்தான் கடிதத்தில் இருக்கிறது. அது உங்கள் ஆசை மாதிரி தெரியவில்லை, பயம் மாதிரி தெரிகிறது. மூன்று மாதம் நிறுத்திவையுங்கள். நிஜமாகவே ஏக்கமாக இருந்தால் திரும்பச் சேரலாம்.

எல்லாப் பழியையும் உங்கள் மேல் போடுவதும் சரியில்லை. எட்டு மணி நேர வேலைநாள் யாரோ பெரிய மனசு பண்ணிக் கொடுத்ததல்ல. தொழிலாளர்கள் பல பத்தாண்டுகள் போராடிய பிறகு, 1919-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் உடன்படிக்கையாகவே அது வந்தது. பிரான்ஸில் 2017 முதல், ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் வேலை நேரத்துக்குப் பின் ஊழியர்கள் தொடர்பைத் துண்டித்துக்கொள்வது பற்றி அவர்களோடு பேசியாக வேண்டும் என்பது சட்டம். இரவு பத்து மணிக்கு மேலதிகாரி செய்தி அனுப்பி உடனே பதில் கேட்டால், நான் சொன்ன நோட்டால் ஒரு பயனும் இல்லை. பதவி பற்றிப் பேசக் கூப்பிடும்போது இதைக் கேளுங்கள்: எத்தனை மணிக்கு மேல் நான் பதில் சொல்லாமல் இருக்கலாம்? சங்கடமான கேள்விதான். ஆனாலும் சேர்வதற்கு முன் கேட்பது சுலபம்.

பதவி கிடைத்தால் உங்களுக்குக் கீழே சிலர் வருவார்கள். இரவு பதினோரு மணிக்கு உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள், ஆனால் காலை ஒன்பதுக்குப் போய்ச் சேரும்படி வைத்துவிடுங்கள். அவர்கள் வீட்டிலும் யாராவது "நீங்க இங்கதான் இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அன்புடன்.