வாசகர் கேள்வி – பதில்: பலெர்மோவில் நாலு நாள்

கேள்வி: நாங்கள் கூடப் படித்த ஐந்து பேர். செப்டெம்பர் முதல் வாரம் இத்தாலிக்குப் போகிறோம். ரோம் பார்த்தபின் சிசிலித் தீவின் பலெர்மோவில், ஒருத்தியின் அக்கா வீட்டில் நாலு நாள் நிற்பம். ரோமிலிருந்து ரயிலில் போகலாமா? நகரத்தை எந்த ஒழுங்கில் பார்ப்பது? – நல்லூர் வாசகி

பதில்: விமானத்தில் ஒரு மணித்தியாலம். ரயிலில் 11, 12 மணித்தியாலம். ஆனாலும் ஒரு வழியாவது ரயிலில் போங்கள். பெருநிலக் கரையில் உள்ள வில்லா சான் ஜொவான்னியில் ரயிலைத் துண்டு துண்டாகக் கழற்றி, தண்டவாளம் போட்ட கப்பலின் வயிற்றுக்குள் தள்ளி ஏற்றுவார்கள். சிசிலிக் கரையில் உள்ள மெசினாவில் இறக்கித் திரும்பப் பூட்டுவார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம்: மெசினாவில் ரயில் இரண்டாகப் பிரியும். ஒரு பகுதி பலெர்மோவுக்கு, மற்றது கிழக்குக் கரையால் சிராக்கூசாவுக்கு. சிநேகிதியோடு கதைக்கவென்று வேறு பெட்டியில் போய் இருந்து, அங்கேயே கண்ணயர்ந்தால் விடியும்போது நீங்கள் நிற்பது வேறு ஊர். ரிக்கற்றில் உள்ள பெட்டி எண்ணைப் பார்த்து அதிலேயே இருங்கள்.

நகரத்துக்குள் உங்கள் ஒழுங்கைத் தீர்மானிப்பது பூட்டும் நேரம். பல தேவாலயங்கள் மதியம் பூட்டிப் பின்னேரம்தான் திறக்கும். காலை 10 மணிக்கு ஆறுதலாக வெளிக்கிட்டால், வாசலுக்குப் போகவும் கதவு சாத்தவும் சரியாக இருக்கும். கோயிலுக்குப் போவதுபோல வெள்ளன வெளிக்கிடுங்கள். மதியம் வீட்டில் சாப்பிட்டுப் படுத்தெழும்பிப் பின்னேரம் மீண்டும் இறங்கலாம்.

முதற்காலை நோர்மன் அரண்மனைக்கு. அதற்குள் இருப்பது சிசிலியை ஆண்ட 2ஆம் ரொஜர் மன்னன் கட்டிய பலத்தீனா சிற்றாலயம். அரண்மனையில் சிசிலியின் சட்டசபையும் கூடுவதால், அரச அறைகளை வழமையாக வெள்ளி முதல் திங்கள் வரைதான் பார்க்கலாம். ஞாயிறு காலை சிற்றாலயத்தில் பூசை நடக்கும், இடையில் உள்ளே விடமாட்டார்கள். ஆகவே வெள்ளி, சனி, திங்களில் ஒன்றை இதற்கென்று ஒதுக்குங்கள்.

உள்ளே போனதும் படம் எடுக்க அவசரப்பட வேண்டாம். சுவரின் பொன் நிறம் பூச்சு அல்ல, இரண்டு கண்ணாடிப் படைகளுக்கு நடுவில் பொன் தகடு வைத்துச் சிறு சதுரங்களாக வெட்டிப் பதித்தது. ஒவ்வொரு சதுரமும் கொஞ்சம் வெவ்வேறு சாய்வில் இருப்பதால், நீங்கள் இரண்டடி நகர, மினுக்கமும் உங்களோடு நகரும். கூரை மரத்தாலானது, தேன்கூடு மாதிரிக் குடைந்து அரபுக் கலைஞர் பாணியில் ஓவியம் தீட்டியது. அண்ணாந்து பார்த்துக் கழுத்து நொந்துபோகும். முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியை உள்ளங்கையில் வைத்து அதில் கூரையைப் பாருங்கள்.

வெளியே 1142ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. மன்னன் செய்வித்த நீர்க்கடிகாரத்தைப் பற்றி லத்தீன், கிரேக்கம், அரபு மூன்றிலும் எழுதியது. கொழும்பு நூதனசாலையில் தமிழும் சீனமும் பாரசீகமும் பொறித்த 1409ஆம் ஆண்டுக் காலிக் கல்லைப் பார்த்தவர்களுக்கு, இந்தக் கல்லுக்கு முன்னால் நிற்கும்போது மெய்சிலிர்க்கும்.

அங்கிருந்து 1185இல் தொடங்கிய பேராலயம் நடைதூரம். அடுத்த காலை, 1143இல் எழுந்த மர்த்தொரானா தேவாலயமும் அதன் பக்கத்தில் மூன்று சிவப்புக் குவிமாடங்களோடு நிற்கும் சான் கத்தால்தோ தேவாலயமும். மூன்றாம் காலை மொன்ரெயாலே ஊரின் பேராலயம். நகரத்திலிருந்து 8 கிலோமீற்றர் அளவு. அங்குள்ள பொற்சித்திரங்களின் பரப்பு 6,000 சதுர மீற்றருக்கு மேல். தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு வேண்டும். ஆளுக்கொரு சால்வை பையில் இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் கூட்டத்தில் இரண்டு பேர் சைவம், ஒருவர் மாட்டிறைச்சி தொடார். பலெர்மோத் தெருச் சாப்பாட்டில் எதை நம்பிச் சாப்பிடலாம்? – கொக்குவில் வாசகர்

பதில்: கண்ணை மூடிக்கொண்டு பனெல்லே வாங்கலாம். கடலை மாவை உப்புத் தண்ணீரில் களி பதத்துக்குக் கிண்டி, பார்சிலி இலை தூவி, ஆறவிட்டு, மெல்லிய துண்டாக வெட்டிப் பொரித்துப் பாணுக்குள் வைத்துத் தருவார்கள். எங்கள் நாக்குக்கு உறைப்புத்தான் குறை. எலுமிச்சம்புளி விட்டுக் கேளுங்கள். கத்தரிக்காயை வினாகிரியும் சீனியும் சேர்த்துச் சமைக்கும் கப்பொனாத்தாவும் பெரும்பாலும் சைவம்.

பார்வைக்குச் சைவமாய்த் தெரிந்து ஏமாற்றுபவை இருக்கின்றன. அரஞ்சீனா என்ற சோற்றுருண்டையில் 'கார்னே' என்றால் இறைச்சி. 'பூர்ரோ' என்றால் வெண்ணெய் என்று நம்பி வாங்குவார்கள், உள்ளே பன்றித் தொடை இறைச்சியும் இருக்கும். 'ஸ்பினாச்சி' என்று கேட்டால் கீரை. ஸ்பின்ச்சோனே என்ற தடித்த பீட்சாவில் நெத்தலி சேரும். 'மில்சா' பாண் கன்றின் மண்ணீரலும் நுரையீரலும், மூவரும் விலகுங்கள். கன்னோலி இனிப்பின் கோதைப் பல இடங்களில் பன்றிக் கொழுப்புச் சேர்த்துத்தான் பிசைவார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள். மற்றவர்கள், நீங்கள் கேட்ட பிறகு ரிக்கொத்தா என்ற மென்மையான பாற்கட்டியை நிரப்பும் கடையில் வாங்க வேண்டும். முன்கூட்டி நிரப்பி அடுக்கியது நமுத்துப்போய் இருக்கும்.

கேள்வி: அங்கே கார் வாடகைக்கு எடுத்தால் செலவு குறையுமா? – சாவகச்சேரி வாசகர்

பதில்: நகரத்துக்குள் வேண்டாம். பழைய நகரின் நடுப்பகுதி அனுமதி வேண்டிய வலயம்; கமெரா இலக்கத் தகட்டைப் படம் பிடிக்கும். தண்டப்பணத்தோடு, உங்கள் விபரத்தைப் பொலிசுக்குக் கொடுத்ததற்கென்று வாடகைக் கம்பனியும் ஒரு தொகை கழிக்கும். வெளியூர்களுக்கு ஓடுவதானால், எங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தோடு சர்வதேச அனுமதிப்பத்திரமும் இங்கேயே எடுத்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: பலெர்மோவில் எங்கள் ஆட்கள் ஏறுகிற மலைக்கோயில் எது? – பருத்தித்துறை வாசகி

பதில்: பெல்லெகிரீனோ மலையில் உள்ள சாந்தா ரொசாலியாவின் குகை ஆலயம். 1624இல் கொள்ளைநோய் பரவியபோது புனிதையின் எலும்புகள் அங்கே கிடைத்தன. அவற்றை நகரத்தைச் சுற்றி ஊர்வலமாகக் கொண்டுவந்தபின் நோய் தணிந்தது என்பது ஊரின் நம்பிக்கை. அங்கு வாழும் எங்கள் சனம், சைவர்கள் உட்பட, ஞாயிற்றுக்கிழமைகளில் நேர்த்தி வைத்து ஏறுகிறார்கள். ஆலயம் கடல்மட்டத்திலிருந்து 400 மீற்றருக்கு மேலே. கல்பாவிய பழைய பாதையில் ஏற ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். இயலாதவர்கள் 812 இலக்க பஸ்ஸில் போகலாம். பஸ் ரிக்கற்றைப் புகையிலைக் கடையில் முன்பே வாங்கி, ஏறியவுடன் இயந்திரத்தில் குத்த வேண்டும். குத்தாத ரிக்கற் கையில் இருந்தாலும் தண்டம்தான்.

மேலே குகைக்கூரையில் கசியும் தண்ணீரை உலோகப் பீலிகள் ஏந்திக் கொண்டுபோவதைப் பாருங்கள். நிலம் ஈரம், வழுக்கும். நல்லூர் வாசகிக்கும் ஒரு சொல்: செப்டெம்பர் 3 இரவு ஊரே மலையேறும், 4ஆம் திகதி புனிதையின் நாள். அந்த இரவு ஊரில் நிற்பீர்களானால் மறுநாள் காலையில் வேறொன்றும் வைக்காதீர்கள். தண்ணீர்ப் போத்தலும் ரோச்சும் எடுத்துக்கொண்டு அக்காவோடு ஏறுங்கள்.