வாசகர் கேள்வி: பொதி உருவாக்கமும் கருவிச் சார்புகளும்

கேள்வி: டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு சிறிய மென்பொருளின் பொதியை (நிறுவத் தயாரான தொகுப்பை) பராமரித்து வருகிறேன். என் கணினியில் சிக்கலின்றி உருவாகும் அந்தப் பொதி, பொதிகளை உருவாக்கும் பில்ட் சர்வரில் மட்டும், நூலகங்கள் இருக்குமிடத்தைச் சொல்லும் பிகேஜி-கான்ஃபிக் கருவி கிடைக்கவில்லை என்ற பிழையோடு நின்றுவிடுகிறது. சென்ற பதிப்பு வரை இப்பிழை வந்ததில்லை. பொதியை உருவாக்கத் தேவையானவற்றைச் சொல்லும் சார்புப் பட்டியலில் நானும் கை வைக்கவில்லை. எங்கே கோளாறு?

பதில்: பெரும்பாலும் அந்தப் பட்டியலில்தான். பில்ட் சர்வர் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய வெறுமையான சூழலில் தொடங்கி, ஜிசிசி, மேக் முதலிய அடிப்படை உருவாக்கக் கருவிகளைக் கொண்டுவரும் பில்ட்-எசென்ஷியல் பொதியையும், பொதியின் விவரங்கள் அடங்கிய கன்ட்ரோல் கோப்பின் பில்ட்-டிபெண்ட்ஸ் பகுதியில் நீங்கள் எழுதியவற்றையும், அவை இழுத்துவரும் சார்புகளையும் மட்டுமே நிறுவுகிறது. உங்கள் கணினியிலோ வேறு வேலைக்காக எப்போதோ நிறுவிய கருவிகளெல்லாம் இருக்கின்றன. பிகேஜி-கான்ஃபிக்கை எழுதாமலே இதுவரை வேலை நடந்ததென்றால், பட்டியலில் உள்ள ஏதோவொரு நூலகத்தின் டெவ் பொதி (அந்நூலகத்தைப் பயன்படுத்தி மென்பொருளை உருவாக்கத் தேவையான கோப்புகள் கொண்டது) அதைத் தன்னோடு கொண்டுவந்திருக்க வேண்டும். அதன் பராமரிப்பாளர் தமக்குத் தேவையில்லையென்று நீக்கியதும் உங்கள் பொதி நின்றிருக்கிறது. ஆகவே உங்கள் மூலநிரல் நேரடியாக அழைக்கும் கருவி எதுவானாலும், மற்றொன்றின் வழியாக வந்துசேரும் என்று நம்பியிராமல் பெயர் சொல்லி எழுதிவிடுங்கள். இன்றைய டெபியனில் இந்தக் கட்டளையைத் தருவது பிகேஜிகான்ஃப் என்னும் பொதி. பதிவேற்றும் முன் எஸ்பில்ட் என்னும் கருவி கொண்டு வெறுஞ்சூழலில் ஒருமுறை உருவாக்கிப் பார்த்தால் இத்தகைய விடுபாடு அங்கேயே தெரிந்துவிடும்.

கேள்வி: பழைய பட்டியலில் தேவையற்றவற்றைக் கண்டறிய, ஒவ்வொன்றாக நீக்கிவிட்டுப் பொதி உருவாகிறதா என்று பார்த்தால் போதுமா?

பதில்: போதாது. விருப்பத்தேர்வான ஒரு நூலகம் கிடைக்காவிட்டால், அதைச் சார்ந்த வசதியை மட்டும் ஓசைப்படாமல் விட்டுவிட்டு மேலே செல்லும்படிதான் கணினியில் என்னென்ன இருக்கின்றன என்று முதலில் சோதிக்கும் பல மென்பொருள்களின் கான்ஃபிகர் ஸ்கிரிப்டுகள் எழுதப்பட்டிருக்கின்றன. உருவாக்கம் வெற்றி என்றே காட்டும். பயனரின் கைக்குப் போய்ச் சேர்வதோ, எடுத்துக்காட்டாக, பிஎன்ஜி படங்களைத் திறக்கத் தெரியாத பொதி. எனவே நீக்குவதற்கு முன்னும் பின்னும் உருவான பொதிகளை டெப்டிஃப் கருவியால் ஒப்பிட்டு, கோப்புப் பட்டியலும், பொதி இயங்கத் தேவையானவற்றைச் சொல்லும் டிபெண்ட்ஸ் வரியும் மாறவில்லை என்று உறுதி செய்யுங்கள். அந்த வரியிலிருந்து பிஎன்ஜி படங்களைக் கையாளும் லிப்பிஎன்ஜி நூலகம் காணாமற்போயிருந்தால், நீங்கள் நீக்கியது வேண்டிய சார்பு. இதைவிட உறுதியான வழி, அவ்வசதியைக் கட்டாயமாக்கும் விருப்பை, பொதியை உருவாக்கும் படிகள் அடங்கிய ரூல்ஸ் கோப்பிலேயே கொடுத்துவிடுவது. பிறகு நூலகம் இல்லையென்றால் உருவாக்கம் அந்த இடத்திலேயே நிற்கும்.

சோதனைகளுக்கு மட்டும் வேண்டிய கருவிகளை நீக்காமல், சோதனைகளைத் தவிர்க்கும்போது இவை வேண்டாம் என்று சொல்லும் நோசெக் குறியிட்டு வையுங்கள். டெபியனைப் புதிய செயலி வகைக்குக் கொண்டுசெல்வோர், ஒன்றையொன்று சார்ந்து சுற்றும் பொதிகளின் வட்டத்தை உடைக்க இத்தகைய குறிகள் உதவுகின்றன.

சார்புக்கு எழுதும் குறைந்தபட்சப் பதிப்பு வரம்பைப் பொறுத்தவரை, டெபியனின் நிலையான வெளியீட்டிலேயே அதைவிடப் புதியது இருந்தால் அந்த வரம்பை நீக்கிவிடலாம். சமக்குறியிட்டு ஒரே பதிப்பில் கட்டிப்போடுவது வம்பை விலைக்கு வாங்குவது. பொதி உருவாக்க உதவும் டெப்ஹெல்பர் கருவிக்காக எழுதும் டெப்ஹெல்பர்-காம்பாட் ஒரு விதிவிலக்கு. அங்கே எழுதும் 13 என்ற எண் அந்தக் கருவி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கான நிலையைக் குறிப்பதால், சமக்குறியோடுதான் வர வேண்டும்.