கம்பஸ் புதுசுகளுக்கு ஒரு நான்காம் வருடத்தின் பதில்கள்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படிக்கிறேன், நான்காம் வருடம். ஊர் முல்லைத்தீவுப் பக்கம், மூன்று வருடமாகக் கொக்குவிலில் அறை. பின்னேரங்களில் ஆறாம், ஏழாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ரியூசன் சொல்லிக் கொடுக்கிறேன். புதிதாக வருகிறவர்களும் சில பெற்றோரும் கேட்ட கேள்விகள் முப்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன். "எந்தப் பாடம் லேசு?" என்று கேட்ட ஏழு பேருக்கும் இங்கேயே பதில்: தெரிந்திருந்தால் நான் அதை எடுத்திருப்பேன்.

விடுதி கிடைக்காது போல இருக்கிறது. அறை பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும் அக்கா?
*வவுனியா, முதலாம் வருடம்*

முதலில் கிணற்றைப் பாருங்கோ தங்கச்சி, அறையைப் பிறகு பார்க்கலாம். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கி நிற்கிற மழைத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம், குளிக்கிறோம். ஒரு வளவில் தண்ணீர் நன்றாக இருக்கும், நாலு வீடு தள்ளி உப்புச் சவராக இருக்கும். வீட்டுக்கார அன்ரியின் கேத்தலுக்குள் எட்டிப் பார்த்தால் போதும். அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் உங்கள் தலைமுடிக்கும் அதுதான் நடக்கும்.

இரண்டாவது கரண்ட் பில். தலைக்கு இவ்வளவு என்று முதலே பேசிக்கொள்ளுங்கோ. நாங்கள் ஐந்து பேர் இருந்த வீட்டில் ஒரு ரைஸ் குக்கரால் இரண்டு மாதம் ஒருவரோடு ஒருவர் கதைக்காமல் இருந்தோம். மூன்றாவது, இரவு எத்தனை மணிக்குக் கேற் பூட்டுவார்கள் என்பது. கலட்டி, கந்தர்மடம், பரமேஸ்வராச் சந்திப் பக்கம் என்றால் நடந்தே வரலாம், வாடகையும் அதற்கேற்ற மாதிரி இருக்கும். கொக்குவில், கோண்டாவில் என்றால் சைக்கிள் வேண்டும்.

விரிவுரை, ரியூசன், சமையல் எல்லாவற்றையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? ஒரு நாளைச் சொல்லுங்கள்.
*நாலைந்து பேர் கேட்டது*

போன செவ்வாய்க்கிழமையைச் சொல்கிறேன். ஐந்து மணிக்குக் கோவில் மணி, அதோடு லவுட்ஸ்பீக்கர். அலாரம் வைக்கிற வேலை மிச்சம். குளியலறைக் கதவில் சோக்கால் வரிசை எழுதி வைத்திருக்கிறோம், எனக்கு மூன்றாம் இடம். அதுவரைக்கும் குக்கரில் சோறு, பக்கத்தில் பருப்பு. தேங்காய் விற்கிற விலைக்குச் சம்பல் கிழமைக்கு இரண்டு நாள்தான். ஏழு இருபதுக்குச் சைக்கிளில் வெளிக்கிட்டால் ரயில் கடவை பூட்டியிருக்கும். நான் வரும் நாளில் மட்டும் அந்த ரயில் நேரத்துக்கு வருகிறது என்று எனக்கு ஒரு சந்தேகம். எட்டு மணிக்கு விரிவுரை, பத்துக்கு முடியும். அடுத்தது ஒரு மணிக்கு.

இந்தப் பத்திலிருந்து ஒரு மணி வரைக்கும்தான் என் முழு நாளும். அந்த நேரம் கன்ரீனில் பிளேன்டீயோடு போனால் பிறகு இரவு பன்னிரண்டு மணிக்குத்தான் அதைத் திருப்பி எடுக்கலாம். நூலகத்தில் ஜன்னலோரம் இருந்து காலையில் கேட்டதை அன்றைக்கே என் சொந்த வசனத்தில் ஒரு பக்கம் எழுதிவிடுவேன். முதல் வருடம் இதைச் செய்யவில்லை. பரீட்சைக்கு இரண்டு கிழமைக்கு முன் கொப்பியைத் திறந்தால் என் கையெழுத்தே எனக்கு விளங்கவில்லை.

மூன்று மணிக்கு விரிவுரை முடியும், நாலரைக்கு ரியூசன், ஆறரைக்குக் கம்பஸுக்குப் பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தைப் பக்கம், ஏழரைக்கு அறை. படிப்பு ஒன்பதிலிருந்து பதினொன்று வரை, நித்திரை வராத நாட்களில். எப்படிச் சமாளிக்கிறேன் என்று கேட்டீர்கள். சமாளிப்பதில்லை. ஒவ்வொரு கிழமையும் ஏதாவது ஒன்றைக் கைவிடுகிறேன். இந்தக் கிழமை உடுப்புத் தோய்க்கவில்லை.

மஹாபொலப் புலமைப்பரிசில் எப்போது வரும் என்றே தெரியவில்லை. மாதம் எப்படி ஓடுகிறது?
*மன்னார், இரண்டாம் வருடம்*

வரும் தம்பி, ஆனால் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் திகதியில் வராது. 5,000 ரூபாயாக இருந்த மஹாபொலவை 7,500 ஆகவும், 4,000 ரூபாய் பேசரி உதவித்தொகையை 6,500 ஆகவும் கூட்டுவதாக 2025 வரவு செலவுத் திட்டத்தில் சொன்னார்கள். நல்ல விசயம்தான். ஆனாலும் அதை மாதச் சம்பளம் மாதிரி நினைத்து வாடகைக்கு ஒதுக்காதேங்கோ. வந்தவுடன் முன்பட்ட கடன், பிறகு அடுத்த பருவத்துப் போட்டோக்கொப்பி, மிச்சம் இருந்தால் செருப்பு. என் வாடகை ரியூசன் காசில்தான் போகிறது. சந்தைக்கு மாலையில் போங்கோ. கடை கட்டுகிற நேரம் கத்தரிக்காயும் கீரையும் கேட்ட விலைக்குத் தருவார்கள். மரவள்ளிக் கிழங்கு எப்போதும் கைவிடாது.

காசைப் பற்றி இன்னொரு கதையும் சொல்ல வேண்டும். முதல் வருடம் எங்கள் பச், அதாவது ஒரே வருடத்துப் பிள்ளைகள் கசூரினா கடற்கரைக்குப் போக வெளிக்கிட்டார்கள். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் தலைக்கு ஒரு தொகை. என்னிடம் இல்லை. இல்லையென்று சொல்ல வெட்கம், அதனால் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டேன். காலை எட்டு மணிக்கு மூன்று பேர் பனடோலும் இஞ்சித் தேத்தண்ணியுமாக அறை வாசலில் நிற்கிறார்கள், பயணத்தை விட்டுவிட்டு! அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க நான் மத்தியானம் வரைக்கும் சுருண்டு படுத்திருக்க வேண்டியதாகிவிட்டது. புழுங்கலரிசிக் கஞ்சி வேறு. இரண்டாம் வருடம் ஒருநாள் அந்த மூன்று பேரில் ஒருத்தி சொன்னாள்: "அண்டைக்கு என்னட்டையும் காசில்லை. உன்ர வயிற்றுவலியாலதான் நான் தப்பினேன்."

அதற்குப் பிறகு இல்லையென்றால் இல்லையென்றே சொல்லிவிடுகிறேன். நேரமும் மிச்சம், கஞ்சியும் குடிக்கத் தேவையில்லை.

உயர்தரம் தமிழில் படித்தேன். இங்கே முகாமைத்துவத்தில் எல்லாம் ஆங்கிலம். வகுப்பில் எதுவும் ஏறவில்லை, கேள்வி கேட்கவும் பயம்.
*பருத்தித்துறை, முதலாம் வருடம்*

கணக்கீட்டில் ஏ எடுத்துத்தானே வந்திருப்பீர்கள். பெறுமானத் தேய்வு என்றால் என்ன என்று நித்திரையில் கேட்டாலும் சொல்லுவீர்கள். அதே ஆள்தான் இங்கே டிப்ரிசியேஷன் என்ற பெயரில் சட்டை மாற்றிக்கொண்டு நிற்கிறார். உங்களுக்கு விசயம் தெரியும், பெயர் மட்டும்தான் தெரியாது. ஒரு சின்னக் கொப்பியை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கோ. ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் உயர்தரத்தில் படித்த தமிழ்ச் சொல். ஒரு நாளைக்குப் பதினைந்துக்கு மேல் வேண்டாம். ஒரு பருவத்துக்குள் அந்தக் கொப்பி தேவைப்படாமல் போய்விடும் என்று அந்தப் பீடத்து நண்பிகள் சொல்கிறார்கள். எனக்கும் புவியியலில் அப்படித்தான் நடந்தது.

விரிவுரைக் குறிப்பு முழுவதையும் போனில் போட்டு மொழிபெயர்த்துப் படிக்கிற பழக்கத்தை மட்டும் தொடங்காதேங்கோ. அது ஒரு தமிழ் தரும், அதை விளங்கிக்கொள்ள இன்னொரு மொழிபெயர்ப்பு வேண்டும். பரீட்சைத் தாளோ ஆங்கிலத்தில்தான் வரும்.

கேள்வி கேட்கிற பயம் இருக்கே, அதற்கு என் அனுபவத்தில் ஒரு வழிதான் உண்டு. விரிவுரை முடிந்து சேர் வெளியே போகும்போது கூடவே நடந்து, தமிழிலேயே கேட்டுவிடுங்கோ. இதுவரைக்கும் என்னை ஒருவரும் கடிக்கவில்லை. வகுப்பில் விளங்கின மாதிரித் தலையாட்டிக்கொண்டு இருந்த ஆறு மாதம்தான் எனக்கு வீணாகப் போனது.

'குப்பி' என்கிறார்கள், என்ன அது? மருந்துக் குப்பியா?
*கிளிநொச்சி*

இல்லை. விளங்கின ஒருவர் விளங்காத பத்துப் பேருக்குப் பரீட்சைக்கு முன் சொல்லிக் கொடுக்கிற வகுப்பு. நாட்டில் எல்லாக் கம்பஸிலும் இதே பெயர்தான். குப்பி விளக்கைச் சுற்றி இருந்து படித்த காலத்துப் பெயர் என்று சொல்லுவார்கள். கட்டணம் கிடையாது, கடைசியில் ஒரு றோல்ஸ் வாங்கிக் கொடுத்தால் மரியாதை. நீங்களும் ஒரு தலைப்புக்காவது குப்பி கொடுத்துப் பாருங்கோ. ரியூசனில் ஒரு ஏழாம் ஆண்டுப் பிள்ளை, "மிஸ், பருவக்காற்று ஏன் திசை மாறுது?" என்று கேட்ட அன்றுதான் எனக்கு அது சரியாகத் தெரியாது என்று எனக்கே தெரிந்தது.

பகிடிவதை இருக்கிறதா? உண்மையைச் சொல்லுங்கள்.
*பெயர் போடவில்லை*

இருக்கும் இடத்தில் இருக்கிறது. பெயர் கேட்பது, பாட்டுப் பாடச் சொல்வது என்று தொடங்கி எங்கே போகும் என்பது கேட்கிறவரைப் பொறுத்தது. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதை குற்றம். இரண்டு வருடம் வரைக்கும் கடூழியச் சிறை, பாலியல் தொல்லை அல்லது கடும் காயம் என்றால் பத்து வருடம் வரைக்கும். "சொன்னால் பச்சிலிருந்து தள்ளி வைப்பார்கள்" என்று பயமுறுத்துவார்கள். சொல்லுங்கோ. வீட்டில் சொல்லுங்கோ, மாணவ ஆலோசகரிடம் சொல்லுங்கோ, வந்த தகவல்களை அழிக்காமல் வைத்திருங்கோ. இதில் பகிடி ஒன்றும் இல்லை.

என் மகள் முதலாம் வருடம். போன் எடுத்தால் "பிறகு எடுக்கிறேன் அம்மா" என்கிறாள், எடுப்பதில்லை. ஏதும் பிரச்சினையா பிள்ளை?
*ஒரு அம்மா, மட்டக்களப்பு*

அம்மா, பெரும்பாலும் பிரச்சினை இல்லை, பசிதான். நீங்கள் எடுக்கிற நேரம் இரவு ஏழு மணியாக இருந்தால் அவ அப்போதுதான் அறைக்கு வந்து அடுப்புக்கு முன் நிற்பா. ஒன்பது மணிக்கு எடுத்துப் பாருங்கோ. "சாப்பிட்டியா, படிச்சியா" என்ற இரண்டுக்கும் பொய்தான் பதிலாக வரும், நானும் அதைத்தான் சொன்னேன். "இன்றைக்கு என்ன கறி?" என்று கேளுங்கோ. அதற்குப் பொய் சொல்லக் கொஞ்சம் யோசிக்க வேண்டும், அந்த யோசனையிலேயே உங்களுக்கு எல்லாம் தெரிந்துவிடும். இரண்டு கிழமைக்கு மேல் குரல் ஒரு மாதிரி இருந்தால் சொல்லாமல் கொள்ளாமல் ஒருக்கா வந்து பாருங்கோ. வரும்போது கட்டித்தயிர் கொண்டு வந்தால் அந்த வீட்டில் இருக்கிற எல்லாருமே உங்கள் பிள்ளைகள்தான்.

சனி, ஞாயிறு எங்கே இருந்து படிக்கலாம்? அறையில் சத்தம்.
*சாவகச்சேரி*

நான் யாழ்ப்பாணப் பொதுநூலகத்துக்குப் போவேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். 1981 ஜூன் தொடக்கத்தில் எரித்தபோது 97,000 நூல்கள் போன இடம் என்பது எல்லாருக்கும் தெரியும். எனக்கு அது உறைத்தது ஒரு ஒப்படைக்காகப் பழைய குறிப்பொன்றைத் தேடிப் போனபோது. எந்த அலுமாரியில் தேடினாலும் ஒரு குறிப்பிட்ட ஆண்டுக்கு முன்னால் போக முடியாமல் நின்றுவிடுகிற மாதிரி இருந்தது. அன்றைக்கு ஒன்றும் எழுதவில்லை, பண்ணைப் பக்கம் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்தேன்.

நல்லூர்த் திருவிழா நேரம் பரீட்சை வந்தால்?
*மூன்று பேர், மூவரும் நல்லூர்*

25 நாள் திருவிழா, பரீட்சை ஏழோ எட்டோ நாள். கணக்குப் பார்த்தால் முருகனுக்கும் நேரம் இருக்கிறது. வீதிகள் பூட்டியிருக்கும், அரை மணி முன்னதாக வெளிக்கிடுங்கோ. ஐஸ்கிறீம் பரீட்சை முடிந்த பிறகு.

பட்டம் முடித்தும் வேலை இல்லையே. கலைப்பீடத்துக்கு வந்தது பிழையோ என்று யோசிக்கிறேன்.
*முல்லைத்தீவு, இரண்டாம் வருடம்*

ஊர்க்காரர் கேட்கிறீர்கள், அலங்காரம் இல்லாமல் சொல்கிறேன். 2017இல் பட்டதாரிகள் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) முன்னால் மாதக்கணக்கில் வேலை கேட்டு இருந்தார்கள். அப்போது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. பஸ்ஸில் போகும்போது அந்தக் கொட்டகையைப் பார்த்து, "படித்த ஆட்கள் ஏன் இப்படி இருக்கினம்?" என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. இரவில் கனக்க வரும்.

அரச நியமனம் ஒன்றையே பார்த்துக்கொண்டு இருக்க ஏலாது என்று முடிவெடுத்தேன். அதனால் வரைபட மென்பொருள் ஒன்றை ஒழுங்காகப் பழகுகிறேன், ஆங்கிலத்தில் ஒரு பக்கம் பிழையில்லாமல் எழுதப் பழகுகிறேன், ரியூசனையும் விடவில்லை. இவை வேலை தரும் என்று உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் என் ஊரில் கிணறு எந்த மாதத்தில் சவராகிறது, ஏன் ஆகிறது என்று இப்போது எனக்குச் சொல்லத் தெரியும். அப்பாவுக்கு அதை ஒரு தாளில் கீறிக் காட்டினேன். அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிழையான பீடத்துக்கு வந்தேன் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்கு வேறு மாதிரித் தோன்றலாம்.

மழைக்காலத்தில் சைக்கிளில் வருவது எப்படி?
*மானிப்பாய்*

நனைந்துதான். கார்த்திகையில் கொப்பிக்கு இரண்டு பொலித்தீன் பை, உங்களுக்கு ஒரு ரெயின்கோட். குடை பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஓட்டுகிற வீரத்தைப் பலாலி வீதியில் காட்ட வேண்டாம்.

கடைசிக் கேள்வி அக்கா. புதுச் சைக்கிளா, பழசா?
*வவுனியாத் தங்கச்சி, மறுபடியும்*

பழசு. லுமாலா என்றால் எந்தச் சந்தியிலும் திருத்துவார்கள். பிரேக் கட்டை, செயின், பின் ரயர் மூன்றையும் பார்த்து வாங்குங்கோ. மிச்சப்படுகிற காசில் பாரமான பூட்டு ஒன்று வாங்குங்கோ. என் முதல் சைக்கிள் ஒரு தேத்தண்ணிக் கடை வாசலில் பத்து நிமிசத்தில் போனது. பூட்டு இருந்தது, என் பைக்குள்.