ஆப்பிரிக்க நாடுகள் முன்னேறாததற்குத் தலைவர்களின் ஊழல் மட்டும்தான் காரணமா?

ஊழல் உண்டு. அந்த "மட்டும்தான்" என்பதோடுதான் எனக்குச் சண்டை. 54 நாடுகளையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேச வராது. அதனால் எனக்கு ஓரளவு தெரிந்த சாம்பியாவை வைத்தே சொல்கிறேன்.

1964 அக்டோபர் 24-ல் பிரிட்டனிடமிருந்து விடுதலை. அன்றைக்கு நாட்டில் பட்டதாரிகள் நூற்றுச் சொச்சம் பேர். ஏற்றுமதி வருமானத்தில் 90 சதவீதத்துக்கு மேல் செம்பு. அந்தச் செம்புக்கான ராயல்டியை (தோண்டி எடுப்பதற்கான உரிமைத்தொகையை) சிசில் ரோட்ஸ் ஆரம்பித்த பிரிட்டிஷ் கம்பெனி விடுதலை நெருங்கும்வரை வாங்கிக்கொண்டிருந்தது. கடலும் கிடையாது. சரக்கு பெரும்பாலும் பக்கத்து ரொடீசியா (இன்றைய ஜிம்பாப்வே) வழியாகத்தான் போக வேண்டும். இரு நாட்டுக்கும் பொதுவான கரிபா அணையின் மின்நிலையம்கூட ரொடீசியாக் கரையில்தான் இருந்தது. மறு வருடமே அங்கிருந்த வெள்ளைச் சிறுபான்மை அரசு தன்னிச்சையாகச் சுதந்திரம் அறிவித்தது. அந்த வழியை நம்ப முடியாமல் போக, மாற்று வழியாக தான்சானியாவின் தார் எஸ் சலாம் துறைமுகத்துக்கு ரயில் பாதை கேட்டபோது உலக வங்கி கைவிரித்தது. சீனா 1,860 கிலோமீட்டர் போட்டுக் கொடுத்தது. 1975-ல் பாதை முடிந்தபோது செம்பு விலை விழுந்து கிடந்தது!

இதற்காக முதல் ஜனாதிபதி கென்னத் கவுண்டாவை நான் தப்பவிடப் போவதில்லை. விலை எப்படியும் ஏறிவிடும் என்று கடன் வாங்கித் தள்ளினார். 1972 கடைசியில் ஒரு கட்சி ஆட்சியைக் கொண்டுவந்துவிட்டதால் கேள்வி கேட்கவும் ஆள் இல்லை.

அங்கே தினசரிச் சாப்பாடு ந்ஷிமா, நம் ஊர்க் களி மாதிரி மக்காச்சோள மாவில் கிண்டுவது. நைசான மாவு 'பிரேக்ஃபாஸ்ட் மீல்', மலிவான மாவு 'ரோலர் மீல்'. 1986 டிசம்பரில், கடன் கொடுக்கும் ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்) கொடுத்த நெருக்கடியில், நைசான மாவுக்கு மானியத்தை எடுத்தார்கள், விலை இரட்டிப்புக்கும் மேல் போனது. ஏழைகளுக்கான ரோலர் மீலுக்கு மானியம் தொடரும் என்றுதான் அறிவிப்பு. ஆனால் அரசு அந்தப் பணத்தைத் தரும் என்று மில்காரர்களுக்கு நம்பிக்கை இல்லை. அரைப்பதையே நிறுத்திவிட்டார்கள். கடையில் மலிவு மாவே இல்லை. செம்புச் சுரங்கப் பகுதி நகரங்களான கிட்வேயிலும் ந்டோலாவிலும் கலவரம், உயிர்ப்பலி. மானியம் திரும்ப வந்தது. இதில் யார் திருடன், சொல்லுங்கள்?

1991 தேர்தலில் தோற்ற கவுண்டா மறுபேச்சில்லாமல் இறங்கிப் போனார். ஜனநாயக முறையில் வந்த பிரெடரிக் சிலுபாவைத்தான் 2007-ல் லண்டன் நீதிமன்றம் 4.6 கோடி டாலர் அரசுப் பணம் கையாடப்பட்ட விவகாரத்தில் பொறுப்பாளி என்றது. (2009-ல் சாம்பிய நீதிமன்றம் அவரைக் குற்றவாளி இல்லை என்று விடுவித்ததையும் சொல்லிவிட வேண்டும்.)

எனக்குப் பெரிதாகப் படுவது அவர் காலத்துச் சுரங்க ஒப்பந்தங்கள். கடன் கொடுத்தவர்கள் விரட்ட, அவசரத்தில் விற்ற சுரங்கங்களுக்கு ராயல்டி வெறும் 0.6 சதவீதம். பிறகு செம்பு விலை தாறுமாறாக ஏறியபோது லாபம் கம்பெனிகளுக்குப் போனது. எல்லாம் சட்டப்படி, கையெழுத்துப் போட்டுத்தான். 2008-ல் அரசு விழித்துக்கொண்டு திடீர் லாப வரி போட்டது. அதே வருடக் கடைசியில் செம்பு விலை மறுபடி சரிந்தது, 2009-ல் அந்த வரியையும் எடுத்துவிட்டார்கள்.