ஆய்வுக்கூடத்துக்குள் ஏற்றுமதியா? கேள்வி பதில்

(பதில் சொல்பவர் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு அலுவலர்.)

கேள்வி: எந்தக் கருவியையும் நாடு தாண்டி அனுப்பவில்லை. அப்புறம் ஏற்றுமதி எங்கே வந்தது?

பதில்: கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட தொழில்நுட்பத்தை அமெரிக்காவிலேயே ஒரு வெளிநாட்டவருக்குக் காட்டினாலும் அது அவர் நாட்டுக்கு ஏற்றுமதி செய்ததாகவே கருதப்படும். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. முடிவுகளைத் தடையின்றி வெளியிடும் அடிப்படை ஆய்வுக்கு விலக்கு உண்டு. 1985இல் ரீகன் அரசு வகுத்த கொள்கையும் அதுதான். ஆனால் 'எங்கள் ஒப்புதல் இல்லாமல் வெளியிடக் கூடாது' என்று நிதி தருபவர் கேட்டு நீங்களும் ஒப்புக்கொண்டால் அந்த விலக்கு போய்விடும். டென்னசி பல்கலைக்கழகப் பேராசிரியர் ரீஸ் ராத், விமானப்படை நிதியில் நடந்த டிரோன் ஆய்வில் சீன, ஈரானிய மாணவர்களைச் சேர்த்தார். ஆய்வுக் கோப்புகளோடு சீனாவுக்கும் போனார். 2008இல் குற்றவாளி என்று தீர்ப்பு, 2009இல் 4 ஆண்டு சிறை. எழுபது வயது தாண்டியவர். வெளியீடு பற்றிய பிரிவைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் இன்னும் அமெரிக்கத் தடைப் பட்டியலில் இருக்கிறதா?

பதில்: இல்லை. பொக்ரான் சோதனைக்குப் பின் 1998இல் சேர்த்தார்கள். 2025 ஜனவரியில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தோடு சேர்த்து நீக்கிவிட்டார்கள். ஆனாலும் அனுப்பும் பொருளுக்கு உரிமம் வேண்டுமா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

கேள்வி: என் மாணவரிடம் கிரீன் கார்டு இருக்கிறது…

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஈரானியரின் கட்டுரையை எங்கள் ஆய்விதழ் வெளியிடலாமா?

பதில்: பல்கலைக்கழக ஆய்வாளர் என்றால் பொதுவாக வெளியிடலாம், 2004 முதல் பொது அனுமதி இருக்கிறது. சேர்ந்து ஆய்வு செய்வது வேறு விவகாரம்.

கேள்வி: விசா தாமதமாகிறது.

பதில்: என் துறை அல்ல.

கேள்வி: ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வு மையமான செர்ன், ரஷ்யாவுடன் உறவை முறித்தது அநியாயம். அறிவியலுக்கு எல்லை ஏது?

பதில்: 2024 நவம்பர் 30இல் முடிந்தது ரஷ்ய நிறுவனங்களுடனான உறவு. வேறு நாட்டு நிறுவனங்களில் இருக்கும் ரஷ்யர்கள் தொடர்கிறார்கள். ரஷ்யாவின் துப்னா நகரில் உள்ள, பல நாடுகள் சேர்ந்து நடத்தும் கூட்டு அணு ஆய்வு நிறுவனத்துடனான ஒப்பந்தமும் நீடிக்கிறது.

கேள்வி: அப்படியானால் இது வெறும் அடையாள அரசியல்தானே? மாணவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

பதில்: மாணவர்களை நினைத்தால் எனக்கும் வேதனைதான். ஆனால் 2022 மார்ச்சில் உக்ரைன் போரை ஆதரித்து அறிக்கை விட்டது ரஷ்யப் பல்கலைக்கழகத் தலைவர்களின் சங்கம். 2016 முதல் செர்னில் இணை உறுப்பினராக இருக்கும் உக்ரைனின் ஆய்வாளர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? நிறுவனத்தையும் ஆளையும் பிரித்துப் பார்த்தது சரி என்பேன்.

கேள்வி: கிரீன் கார்டு…

பதில்: மேலே!

கேள்வி: வெளியீட்டுத் தடை உள்ள ஒப்பந்தத்தில் போன வாரம் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

பதில்: தரவை யாருக்கும் காட்டாதீர்கள். நாளைக் காலையே உங்கள் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போய் ஒப்பந்தத்தைக் காட்டுங்கள்.