பொன்னும் பருக்கையும்

அன்புள்ள ஐயா,

எனக்கு 73 வயது. கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். இருபது ஆண்டுகளாக மாதம் ஒரு ஞாயிறு, கோயிலில் புல் செதுக்கித் துப்புரவு செய்யும் உழவாரப் பணிக்குப் போய்வந்தேன். சென்ற ஆண்டு பூர்வீக மனையை விற்றதில் என் பங்காக ஒரு தொகை வந்தது. அன்றிலிருந்து சந்நிதியில் கண்ணை மூடினாலும் வட்டிக் கணக்குதான் ஓடுகிறது. பணிக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன். மாசியில் ஒரு நாள் கோயிலில் அன்னதானத்துக்குக் கட்டிவிடுங்கள் என்று என் மனைவி கடைசி நாட்களில் கேட்டாள். கட்டுகிறேன் என்று சுவாமி முன்னால் நின்று சொன்னேன். இப்போது பணம் இருந்தும் கை வரவில்லை. ‘இத்தனை காலம் பிள்ளைகளுக்காக வாழ்ந்தாயிற்று, இனியாவது எனக்காக வாழ்கிறேனே’ என்கிறது மனம். இது தவறா?

— பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

அன்புள்ள பெரியவருக்கு,

வணக்கம். நீங்கள் எழுதியிருக்கும் அந்தக் கடைசிச் சொற்களை என் வயதையொத்த பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். என் மனத்துக்குள்ளும் கேட்டிருக்கிறேன். எழுபதைத் தாண்டியவர் மருத்துவச் செலவுக்கு அஞ்சிக் கொஞ்சம் பணத்தைப் பொத்தி வைப்பதைப் பேராசை என்று சொல்ல எனக்கு நா எழாது. நல்ல சாப்பாடும், வலியில்லாத தூக்கமும், பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஒரு ரயில் பயணமும் வேண்டும் என்று நினைப்பதிலும் குற்றம் இல்லை. அவற்றுக்காக நீங்கள் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கவும் மாட்டீர்கள்.

உழவாரம் பிடித்த உங்களுக்கு, அதைக் கையில் ஏந்தியே தேவாரம் பாடிய அப்பர் சுவாமிகளைப் பற்றி நான் புதிதாகச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஆனாலும் திருப்புகலூரில் நடந்ததை உங்களோடு சேர்ந்து இன்னொரு முறை பார்க்க விரும்புகிறேன். எண்பத்தொரு வயது வாழ்ந்தவர் என்று மரபு சொல்லும் அவர், சூலை நோயும் சமணர் இழைத்த துன்பங்களும் கயிலைப் பயணத்தில் உடம்பு தேய ஊர்ந்து சென்றதும் எல்லாம் கடந்துபோன பிறகு, இறுதிக் காலத்தில் அந்த ஊர்க் கோயிலில் தங்கித் திருமுற்றத்துப் புல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தார். அவருடைய உழவாரம் பட்ட இடமெல்லாம் செம்பொன்னும் நவமணியும் ஒளிவிடும்படி இறைவன் செய்தான். அவற்றை முற்றத்தில் உருளும் பருக்கைக் கற்களோடு ஒன்றாகவே உழவாரத்தில் ஏந்தித் தாமரைக் குளத்தில் எறிந்தார் என்கிறார் பெரியபுராணம் பாடிய சேக்கிழார். அடுத்து வான மகளிர் வந்து ஆடிய சோதனையும் அவரை அசைக்கவில்லை.

பருக்கைக் கற்களோடு ஒன்றாக என்பதைச் சேக்கிழார் எவ்வளவு கவனமாகச் சொல்லியிருக்கிறார் என்று எண்ணி எண்ணி வியக்கிறேன். பொன்னைக் கண்டு அவர் சினக்கவில்லை, அதைப் பழிக்கவும் இல்லை. வெறுங்காலோடு வலம் வரும் அடியார்களின் பாதத்தில் குத்தும் பொருள் எதுவானாலும் அது அங்கே கிடக்கக் கூடாது. அவர் கைக்கு அன்று தெரிந்தது அவ்வளவுதான்.

அப்படியானால் பணமே ஆகாதா என்று நீங்கள் கேட்கலாம். அதே அப்பர் திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது, பலிபீடத்தில் இறைவன் வைத்த பொற்காசை நாள்தோறும் எடுத்து அடியார்களுக்கு அமுது படைத்தவர். அங்கே சம்பந்தர் பெற்ற காசை மாற்றும்போது வட்டம், அதாவது கழிவு, பிடித்தார்கள். அப்பர் கைத்தொண்டும் செய்தவர் என்பதால் அவர் பெற்ற காசு அந்தக் கழிவு இல்லாமல் செல்லுபடியாயிற்று என்று பெரியபுராணம் சொல்கிறது. அது மட்டுமா, அவர் பொன்னை எறிந்த அதே திருப்புகலூரில்தான் பங்குனி உத்திரச் செலவுக்குப் பொன் வேண்டி வந்த சுந்தரர் செங்கல்லைத் தலைக்கு வைத்துத் துயின்று எழுந்தபோது அவை பொன்னாகியிருந்தன. அவரும் மகிழ்ந்து பாடி எடுத்துச் சென்றார். பசித்தவர் வாசலில் நிற்கும்போது காசை எடுத்த அப்பரின் கை, தனக்கென்று எதுவும் தேவைப்படாத இடத்தில் பொன்னை எறிந்தது. அது யாருக்காக வந்தது என்பதில் அந்தக் கைக்கு ஒரு நாளும் குழப்பம் இருந்ததில்லை. உங்களுக்கு வந்திருப்பது அந்தக் குழப்பம்தான் என்று நினைக்கிறேன்.

முதுமை வந்தால் ஆசை தானாக வற்றிவிடும் என்று இளமையில் நானும் நம்பியிருந்தேன். ஒரு மழை பெய்தால் பிராகாரத்துக் கல் இடுக்கில் புல் மறுபடி முளைப்பதை இருபது ஆண்டுகள் பார்த்தவர் நீங்கள். வயதான காலத்து ஆசை முன்போல் ஆரவாரமாக வருவதில்லை. ‘நான் செய்ய வேண்டியதெல்லாம் செய்தாயிற்று, மிச்சம் என்னுடையது’ என்று நியாயம் பேசிக்கொண்டு வருகிறது. இறைவனோடு நமக்கு இருந்த உறவை, தவணை கட்டி முடித்த கடன்போல் ஆக்கிவிடுகிறது. ‘என் கடன் பணி செய்து கிடப்பதே’ என்று பாடியவருக்கு அந்தக் கடன் தீர்ந்துபோகும் நாள் என்று ஒன்று இருக்கவில்லை. தம்மைத் தாங்குவது அவன் கடன் என்பதையும் அதே பாட்டில் சேர்த்துச் சொல்லியதனால், தாங்குவாரோ மாட்டாரோ என்ற கவலையும் அவருக்கு இருக்கவில்லை. உங்கள் வட்டிக் கணக்குக்கு அடியில் இருப்பது அந்தக் கவலை என்றே எனக்குத் தோன்றுகிறது. மனைவியும் போய்விட்ட வீட்டில் தனியே இருப்பவருக்கு அது வராமல் இருக்குமா?

சில ஆண்டுகளுக்கு முன் காவிரிக் கரைக் கோயில் ஒன்றில் ஒரு மூதாட்டியைப் பார்த்தேன். வெளிப் பிராகாரத்து மண் தரையில் குந்தி அமர்ந்து, நெருஞ்சி முட்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு பழைய பால்மாவு டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு அடி நகர்வார், மூச்சு வாங்கிக்கொள்வார், மறுபடி பொறுக்குவார். விளக்குமாற்றால் கூட்டிவிடலாமே என்று கேட்டதற்கு, “கூட்டினா முள்ளு மண்ணுக்குள்ள போயிடும் தம்பி, அப்புறம் காலுக்குத்தான் தெரியும்” என்றார். பிரதோஷக் கூட்டம் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் மட்டும் அவர் முகத்தில் இருந்தது.

உங்களால் இப்போது குனிந்து செதுக்க முடியாமல் இருக்கலாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை போய்ப் பணி செய்கிறவர்களுக்குத் தண்ணீராவது எடுத்துக் கொடுங்கள். மனம் ஒட்டாவிட்டாலும் போங்கள். கை பழகிய இடத்துக்கு மனம் பிறகு வந்து சேரும்.

திருப்புகலூரில் அப்பர் பாடிய கடைசிப் பதிகத்தில், ஒன்பது வாசலும் ஒருசேர அடைபடும்போது உன்னை உணரமாட்டேன், ஆகவே இப்போதே உன்னடிக்கு வருகிறேன் என்கிறார். வாழ்நாள் முழுதும் அவனையே நினைத்தவர்கூடக் கடைசி நேரத்து நினைவை நம்பியிருக்கவில்லை. ஆகையால் அந்த அன்னதானத்தை உயிலில் எழுதி வைக்கலாம், பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்று தயவுசெய்து எண்ண வேண்டாம். மருத்துவத்துக்கு என்று ஒரு பகுதியை வங்கியில் வைப்பாகப் போட்டுவிட்டு, கோயில் அலுவலகத்துக்கு நீங்களே நேரில் சென்று, உங்கள் மனைவியின் பெயரைச் சொல்லிப் பணத்தைக் கட்டி, ரசீதை வாங்கி வாருங்கள். மாசிக்கு இன்னும் நாள் இருக்கிறது.

அன்புடன்.