நுண்துகளும் நுரையீரல் மரபணுக்களும்: கேள்வி பதில்

கேள்வி: மாசுக் காற்றைச் சுவாசித்தால் மரபணுவே மாறிவிடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: இரண்டு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். மரபணுவின் வரிசை மாறுவது ஒன்று. எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பது மாறுவது இன்னொன்று. மாசுக் காற்றிலுள்ள நுண்துகள்கள் பெரும்பாலும் செய்வது இரண்டாவதைத்தான். அதற்கு ஆண்டுக்கணக்கும் தேவையில்லை. தன்னார்வலர்களை டீசல் புகை கலந்த காற்றை ஓரிரு மணி நேரம் சுவாசிக்க வைத்த சோதனைகளிலேயே மூச்சுக்குழாய் செல்களில் இந்த மாற்றம் தெரிந்தது.

கேள்வி: உள்ளே போன துகள் மரபணுவை எப்படித் தொடுகிறது?

பதில்: துகள் தொட வேண்டியதே இல்லை. 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள் மூக்கையும் சளியையும் தாண்டி, நுரையீரலின் கடைசியிலுள்ள நுண்ணறை என்ற சிறு காற்றுப்பை வரை இறங்குகிறது. அதன் மேல், எரிபொருள் முழுதாக எரியாதபோது உண்டாகும் பல்வளைய ஹைட்ரோகார்பன்களும், இரும்பு, செம்பு போன்ற உலோகங்களும் ஒட்டியிருக்கும். ஹைட்ரோகார்பன், செல்லுக்குள் ஏஎச்ஆர் என்ற ஏற்பியுடன் (வேதிப்பொருளை உணரும் புரதம்) பிணைகிறது. அந்த ஏற்பி உட்கருவுக்குள் நுழைந்து சிஒய்பி1ஏ1 மரபணுவை முடுக்கிவிடுகிறது. அதிலிருந்து உருவாகும் நொதியின் வேலை, நச்சை வெளியேற்ற ஏதுவாக மாற்றுவது. கொடுமை என்னவென்றால், அப்படி மாற்றும்போதே பென்சோபைரீன் போன்ற ஹைட்ரோகார்பன்கள் டிஎன்ஏவில் ஒட்டிக்கொள்ளும் பொருளாகிவிடுகின்றன. தற்காப்புக்கென்று எழுந்த மரபணுவே சேதத்துக்கு வழிவிடுகிறது.

உலோகங்களின் வழி வேறு. அவை செல்லுக்குள் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை, அதாவது வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளின் தாக்குதலை, கூட்டுகின்றன. உடனே என்ஆர்எஃப்2 என்ற புரதம் பாதுகாப்பு மரபணுக்களை எழுப்பிவிடும். அதையும் மீறிச் சுமை ஏறினால் என்எஃப்-கப்பா பி புரதம் அழற்சி மரபணுக்களை இயக்குகிறது; இன்டர்லூக்கின் 6, 8 என்ற அழற்சிச் சமிக்ஞைப் புரதங்கள் சுரந்து, வெள்ளணுக்கள் வந்து குவிகின்றன. இருமலும் இழுப்பும் வருவது இதன் பிறகுதான்.

கேள்வி: புகை பிடிக்காத என் அக்காவுக்கு நுரையீரல் புற்றுநோய். காற்றுதான் காரணமா?

பதில்: ஒரு தனி நபருக்கு இதுதான் காரணம் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது, உங்கள் அக்கா எந்தத் தவறும் செய்யவில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். காற்று மாசை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் காரணியாகச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2013இல் அறிவித்தது. லண்டன் பிரான்சிஸ் கிரிக் ஆய்வுக்கூடக் குழு 2023இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு வழியைக் காட்டியது. ஆரோக்கியமான நுரையீரலிலும் செல் வளர்ச்சியைத் தூண்டும் ஈஜிஎஃப்ஆர் மரபணுவில் பிறழ்வு கொண்ட சில செல்கள் சும்மா கிடக்கும். நுண்துகளை எதிர்கொள்ளும் பெருவிழுங்கி என்ற நோயெதிர்ப்பு செல்கள் இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற அழற்சிச் சமிக்ஞையைச் சுரக்க, பிறழ்வு கொண்ட அந்தச் செல்கள் பெருகத் தொடங்குகின்றன. எலிகளில் அந்தச் சுரப்பின் செயலைத் தடுத்தபோது கட்டிகள் குறைந்தன. எனக்குப் பெரும் நம்பிக்கை தந்த முடிவு இது.

கேள்வி: ஒரே வீட்டில் ஒருவருக்கு மட்டும் இழுப்பு ஏன்?

பதில்: வயது, ஏற்கெனவே உள்ள ஆஸ்துமா, பிறவி வேறுபாடு எல்லாம் சேரும். நச்சை அகற்ற உதவும் ஜிஎஸ்டிஎம்1 மரபணு பலருக்குப் பிறவியிலேயே கிடையாது.

கேள்வி: நல்ல காற்றுக்கு மாறினால் மரபணுக்கள் பழைய நிலைக்கு வருமா?

பதில்: அழற்சி மரபணுக்கள் பெரும்பாலும் அடங்கிவிடும். மரபணு எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதை மாற்றும், டிஎன்ஏ மேல் படியும் மீத்தைல் என்ற வேதிக் குறிகள் அதைவிட நீடிக்கும். சிகரெட்டை விட்டவர்களின் ரத்தத்தில் பல குறிகள் ஆண்டுகள் செல்லச் செல்ல மீள்கின்றன, சில மீள்வதில்லை.

கேள்வி: இதற்காக மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளலாமா?

பதில்: வேண்டாம். முடிவு எதுவாக இருந்தாலும் செய்ய வேண்டியது மாறப்போவதில்லை. உலக சுகாதார நிறுவனம் இந்த 2.5 மைக்ரான் நுண்துகளுக்கு 2021இல் வைத்த வரம்பு, ஆண்டுச் சராசரியாகக் கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். உங்கள் பகுதியின் அளவை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாசு மிகுந்த நாளில் வெளியே போகத்தான் வேண்டுமென்றால், முகத்தோடு இறுகப் பொருந்தும் என்95 முகக்கவசம் அணியுங்கள். துணிக் கவசத்தை இதற்கு நம்ப வேண்டாம்.